இரண்டாவது எண்

புதுவாயல் கூட்டுரோட்டில் பேருந்தில் ஏறியதும் அவர் நடத்துனரிடம், "கும்முடிப்பூண்டி நிக்குமா?" என்று கேட்பார். நிற்கும் என்று பதில் வரும். நடத்துனர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இரண்டு ஆள் தாண்டுவதற்குள், "நிக்கும்ல?" என்று மறுபடியும் கேட்பார். அந்த வழியில் அவர் பத்து வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தார்.

"நிக்கலன்னா உன்ன தோள்ல தூக்கிக்கினு போய் ஊட்ல உட்டுட்டு வரேன் நைனா. போதுமா?" என்பார் நடத்துனர்.

"போதும்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். கேலி அவரை ஒன்றும் செய்யாது. டீக்கடையில் சர்க்கரை போட்டாயா என்று இரண்டு முறை கேட்பார். ரேஷன் கடையில் எடையை இரண்டு முறை பார்க்கச் சொல்லி, பின்னால் நிற்பவர்களிடம் திட்டு வாங்குவார். எங்கள் ஆலையில் அவருக்கு 'ரெண்டு தபா' என்றே பெயர். காதுபடவே சொல்வார்கள். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதையெல்லாம் எழுதுவது எளிதாக இருக்கிறது. எழுத வேண்டியது வேறு.

எங்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே தள்ளி, சவுக்குத் தோப்புகளுக்கு அப்பால் இருந்தது. நான் வேதியியல் படித்துவிட்டு அதன் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர் கட்டுப்பாட்டு அறையில் பேனலைப் பார்த்துக்கொள்பவர். சுவர் நீளத்துக்கு மீட்டர்கள் இருக்கும். வட்டக் காகிதங்களில் மை முள்கள் மெல்லக் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். அவர் ஒவ்வொரு மீட்டரின் கண்ணாடியையும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, முள் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் எண்ணைக் குறித்துக்கொள்வார்.

அவர் காவல் காத்தது மூன்று ரியாக்டர்களை. பனை உயர இரும்பு உருளைகள். சூடாக்கிய நாப்தா என்ற லேசான எண்ணெய் அவற்றின் வழியாகப் போய் நல்ல பெட்ரோலாக வெளியே வரும். உள்ளே ஜவ்வரிசி மாதிரி குருணைகள் நிரம்பியிருக்கும்; குருணைகளில் கண்ணுக்குத் தெரியாத அளவு பிளாட்டினம். பள்ளிப் புத்தகத்தில் வினையூக்கி என்று படித்தோமே, அதுதான். ஆலையில் எல்லோருக்கும் கேட்டலிஸ்ட். அது சரியாக வேலை செய்யக் கொஞ்சம் குளோரைடு வேண்டும். நாப்தாவோடு தண்ணீர் வந்தால் குளோரைடு கழன்று போய், கேட்டலிஸ்ட் மந்தமாகிவிடும். அப்போது குளோரைடைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். தேவைக்கு மேல் கொடுத்துவிட்டாலோ அது வெறி பிடித்தாற்போல எண்ணெயை வாயுவாக உடைத்துத் தள்ளும். அதன் மேலேயே கரி படிந்து, மாதக்கணக்கில் உழைக்க வேண்டியது வாரக்கணக்கில் செத்துப்போகும். "அது தூங்கவும் கூடாது, சாமி ஆடவும் கூடாது" என்பார் அவர்.

தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று சொல்வது எங்கள் வேலை. தினமும் காலையில் குழாயிலிருந்து நாப்தாவைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வந்து, ஒரு பழுப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் நிலைக்கும் இடத்தைப் பார்த்துக் கணக்கிடுவோம். பத்து லட்சம் பங்கில் ஐந்து பங்கு, ஆறு பங்கு தண்ணீர் இருக்கும். அவ்வளவு நுட்பமான அளவு என்பதால் பாட்டில் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். அதற்கென்று ஊவன் என்று ஒரு சூட்டுப்பெட்டி இருந்தது. அதில் பாட்டில்களை வைத்து உலர்த்துவோம். எண் வந்ததும் கறுப்பு டெலிபோனில் அவரைக் கூப்பிட்டுச் சொல்வோம்.

"ஆறா? சரிம்மா. இன்னொரு தபா பாத்துடு."

இரண்டாவது முறையும் பார்த்துச் சொன்ன பிறகுதான் குளோரைடு வால்வில் கை வைப்பார். அவருடைய தொல்லை தாங்காமல் எங்கள் பதிவேட்டில் இரண்டாவது எண்ணுக்கென்று தனியாக ஒரு கட்டமே போட்டிருந்தோம்.

என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி ஒரு நாள் சோம்பல்பட்டு, முதலில் வந்த எண்ணையே இரண்டாவதாகவும் சொல்லிவிட்டாள். பத்து நிமிடத்தில் அவர் தலைக்கவசத்தோடு சோதனைக்கூட வாசலில் நின்றார்.

"ரெண்டு தபாவும் ஒன்பதா? நீ பாக்கலம்மா."

"பார்த்தேன் சார். ஒன்பதுதான் வந்தது. என்ன செய்யச் சொல்றீங்க?"

"கோச்சிக்காத. மருந்து உடுற கை எப்பவும் ஒரே மாரி இருக்காது. ரெண்டாவது தபா பாத்தா ஒன்னு கூடும், இல்ல ஒன்னு கொறையும். அச்சு அடிச்ச மாரி வந்துதுன்னா அது பாக்காத நெம்பரு."

அவள் முகம் கறுத்துவிட்டது. அவர் அதிகாரியிடம் சொல்லவில்லை. அவள் மறுபடி சோதனை செய்து முடிக்கும் வரை ஸ்டூலில் உட்கார்ந்து, மின்விசிறி சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு என்று வந்தது. அவர் போன பிறகு நாங்கள் அவர் பேசியதைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தோம். சிரித்தாலும் அவர் சொன்னது என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

அவர் பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று ஒரு முறை சாப்பாட்டு அறையில் யாரோ கேட்டதற்கு, "மொத தபா கேட்டா வாய் சொல்லும். ரெண்டாவது தபா கேட்டாத்தான் ஆளு சொல்வான்" என்றார். பிறகு தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொன்னார். வந்த பையனிடம் சபையில் வைத்து, குடிப்பாயா என்று கேட்டிருக்கிறார். "சேச்சே, அந்த வாடையே ஆவாது மாமா" என்றானாம். பஜ்ஜி, காப்பி எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், "குடிப்பியா?" என்று மறுபடி கேட்டிருக்கிறார். "எப்பனா பண்டிகைக்கு" என்றானாம்.

"அப்புறம்? வேண்டாம்னு அனுப்பிட்டீங்களா?"

"இன்னாத்துக்கு? ரெண்டாவது தபா நெஜத்த சொன்னானே, அவனுக்கே குடுத்துட்டேன்."

குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். பையனுக்கு நான்கு மாதம் நிறையவில்லை. புதுவாயலில் வாடகை வீடு. கணவருக்குத் திருவள்ளூரில் வேலை, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். எதிர்வீட்டு அக்காவிடம் பையனை விட்டுவிட்டு வருவேன். மத்தியானம் மட்டும் ஒரு மணி நேரம் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர அனுமதி கொடுத்திருந்தார்கள். அவன் இளைத்துக்கொண்டே போனான். நான் வேலைக்குப் போவதால்தான் என்று எனக்குத் தோன்றும்; வேலையை விட்டால் வாடகை கொடுக்க முடியாது என்றும் தோன்றும். அப்படி இருந்தபோது அவர் ஏதோ தாளை வாங்க வந்தார்.

"புள்ள நல்லா கீதா?"

"நல்லா இருக்கான் சார்."

தாளை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "நல்லா கீதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். அவர் ஒன்றும் தேற்றவில்லை. எத்தனை முறை போகிறது, என்ன நிறம், பால் குடிக்கிறானா என்று கேட்டார். எல்லாவற்றையும் இரண்டு இரண்டு முறை கேட்டார். பிறகு என் அதிகாரியிடம் போய், இந்தம்மாவை இப்போதே வீட்டுக்கு அனுப்புங்கள், டாக்டரிடம் போகணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அனுப்பியிருக்காவிட்டால் பையன் என்ன ஆகியிருப்பான் என்று டாக்டர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் பொய் சொன்னேன்.

அது ஐப்பசி மழை. நான்கு நாளாக வெயில் முகமே காட்டவில்லை. குழந்தைத் துணிகள் வீடு முழுக்கக் கொடியில் தொங்கின. ஒன்றும் காயவில்லை. ஈரத் துணியைக் கட்டி அவனுக்கு இடுப்பெல்லாம் புண்ணாகிவிட்டது. அன்று காலை எட்டுத் துணிகளைப் பிழிந்து பையில் போட்டு, சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் மறைத்து எடுத்துப் போனேன். ஊவனின் கீழ்த்தட்டில் பரப்பி வைத்தேன். மேல்தட்டில் நாப்தா பிடிக்கும் காலிப் பாட்டில்கள் இருந்தன. ஆவி மேலே ஏறும், பாட்டிலுக்குள் போகும், ஆறும்போது தண்ணீராக நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? பட்டம் வாங்கியவள். அந்த நேரத்தில் பையனின் இடுப்பு மட்டும்தான் கண்ணில் நின்றது என்று எழுதலாம். துணியை வைத்துவிட்டுக் கதவை மூடும்போது பாட்டில்களையும் பார்த்தேன். அதுவும் உண்மை.

அன்றைய எண் முப்பத்தொன்று.

அந்த அளவு வந்ததே இல்லை. போனில் அவரிடம் சொன்னேன். "இன்னாம்மா இது, பேஜாரா கீதே? இன்னொரு தபா பாத்துடு."

மணி பன்னிரண்டாகியிருந்தது. பால் கட்டி ரவிக்கை நனைய ஆரம்பித்திருந்தது. மறுபடி பார்ப்பதென்றால் புதிதாகப் பாட்டில்களைக் காயவைக்க இரண்டு மணி நேரம் ஆகும். ஏன் தாமதம் என்று அதிகாரி கேட்பார். ஊவனைத் திறப்பார். என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. காய்ந்த துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். கால் மணி நேரம் சும்மா நின்றேன். பிறகு போனை எடுத்தேன்.

"பார்த்துட்டேன் சார். முப்பது."

முப்பத்தொன்று என்று சொல்லவில்லை. ஒன்று குறைத்துச் சொன்னேன். அவர் கற்றுக் கொடுத்ததுதான்.

"ஆங், முப்பதா. அப்ப நெஜந்தான்" என்றார். குளோரைடைக் கூட்டினார்.

மறுநாள் நான் துணி எடுத்துப் போகவில்லை. பாட்டில்கள் காய்ந்திருந்தன. எண் ஆறு என்று வந்தது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்று முப்பது, இன்று ஆறு என்றால் யாராவது நேற்றைத் தோண்டுவார்கள். தண்ணீர் படிப்படியாகத்தானே வடியும் என்று யோசித்து இருபத்துமூன்று என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் இருபத்திரண்டு. அதற்கு அடுத்த நாள் பதினாறு, பதினேழு. நான்காம் நாள் பத்து, ஒன்பது. ஐந்தாம் நாள்தான் உண்மையான எண்ணுக்கு வந்து சேர்ந்தேன். பார்ப்பதற்கு மிக இயல்பாக இருந்தது. என் படிப்பு அதற்குத்தான் உதவியது.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். எப்போதும் நாங்கள்தான் கூப்பிடுவோம்.

"ம்மா, இங்க வேற மாரி காட்டுது. வாயு ஏறிக்கினே போவுது. கடைசி ரியாக்டர்ல சூடு சரியில்ல. கேட்டலிஸ்ட் சாமி ஆடுற மாரி தோணுது எனக்கு. தண்ணி நெம்பரு நெஜமா?"

"ஆமாம் சார்."

"ரெண்டு தபா பாத்தியா?"

"பார்த்தேன் சார். பதினாறு, பதினேழு."

போனில் அவருக்குப் பின்னால் ஏதோ மணி அடித்துக்கொண்டிருந்தது. "சரி. நீ ரெண்டு தபா பாத்துக்கீற. என் கண்ணுக்குத்தான் இன்னாவோ ஆயிட்ச்சி" என்று வைத்துவிட்டார். குளோரைடைக் குறைக்கவில்லை.

கேட்டலிஸ்ட் மேல் கரி படிந்துவிட்டது. அதன் பிறகு அதை வேலை வாங்க ஒவ்வொரு டிகிரியாகச் சூட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள். சூடு ஏற ஏற இன்னும் கரி படிந்தது. கடைசியில் கோடையில் நிறுத்த வேண்டிய ரியாக்டர் யூனிட்டைப் பொங்கலுக்கு முன்பே நிறுத்தி, கரியை எரிக்க வேண்டியதாயிற்று. மேலாளர் அறையில் விசாரணை நடந்தது. பதிவேட்டோடு என்னையும் கூப்பிட்டார்கள்.

"மீட்டர் கண்ணு முன்னால சொல்லுது. நீங்க போனைப் பிடிச்சுக்கிட்டு லேபைக் கேட்டுட்டு இருந்தீங்களா? இத்தனை வருஷ அனுபவம் எதுக்கு?" என்று மேலாளர் அவரைக் கேட்டார்.

"லேப்ல ரெண்டு தபா பாத்தாங்க சார்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"அந்தம்மா பொய் சொல்லாது சார். புள்ளக்காரி" என்றார் அவர்.

தண்ணீர் வந்தது உண்மையாகவே இருந்தாலும், பேனல் மாறுபட்டுக் காட்டியபோது அவர் முடிவெடுத்திருக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினார்கள். அவரைப் பேனலிலிருந்து எடுத்து டாங்க் யார்டுக்குப் போட்டார்கள். என் வேலை சொன்ன தேதியில் நிரந்தரமானது. வீட்டில் பாயசம் வைத்தேன்.

டாங்க் யார்டில் அவருக்கு வேலை, எண்ணெய்த் தொட்டிகளின் மேல் ஏறி, நாடாவை இறக்கி, எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அளப்பது. ஒவ்வொரு தொட்டிக்கும் வளைந்து வளைந்து போகும் இரும்புப் படிகள். ஒரு வருடம் கழித்து, யார்டிலிருந்து மாதிரி கொண்டுவரும் ஆள் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னான்: "ரெண்டு தபா இப்ப நாலு தபா ஆயிட்டாருக்கா. கீய எறங்கி வந்து எய்திட்டு, மறுபடி ஏறிப் போய்ப் பாக்குறாரு. அப்பவும் திருப்தி இல்ல. என்னக் கூப்பிட்டு, நீ பாரு, என் கண்ண நம்பாதன்றாரு. முட்டி வீங்கிப் போச்சு மனுசனுக்கு."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவரிடமிருந்து நான் எடுத்தது பேனல் நாற்காலியை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பத்து நாள் யோசித்தேன். கணவரிடம் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புதுவாயலில், அவர் பேருந்து மாறும் நேரம் பார்த்து டீக்கடைப் பக்கம் போய் நின்றேன்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"புள்ள நல்லா கீதா?" என்றார் பயந்துபோய்.

பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, துணியைப் பற்றிச் சொன்னேன். கையிலிருந்த டம்ளரை அவர் பெஞ்சில் வைத்தார்.

"எத்தினி துணி?"

"எட்டு."

"மேல் தட்டா, கீய் தட்டா?"

"துணி கீழே. பாட்டில் மேலே."

"அதான்! ஆவி ஏறி பாட்டில்ல குந்திக்கினு கீது." தொடையில் தட்டினார். "நாலு நாளுமா?"

"ஆமாம் சார்."

"நாலு நாளும்?"

"நாலு நாளும் சார்."

"ரெண்டு தபாவும் அந்தப் பாட்டில்ல தான பாத்த?"

"ஆமாம் சார்."

"அப்ப நீ சொன்னது நெஜம். நீ பாத்த நெம்பரத்தான சொன்ன? பாட்டில்தான் பொய் சொல்லிக்கீது." அவர் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப என் கண்ணு தப்பு பண்ணல. மூணாவது நாளே எனக்குத் தெரிஞ்சுதும்மா, சாமி ஆடுதுன்னு. உன்னாண்ட போன்லயே சொன்னேன்ல? சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார்."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கடைக்காரரிடம் போய்ப் பையனுக்கென்று இரண்டு பன் வாங்கி என் கையில் வைத்தார். "யாரு வந்து சொல்லுவா இந்தக் காலத்துல? நீ வந்து சொன்ன பாரு" என்றார். நான் பன்னை வாங்கிக்கொண்டேன்.

அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லாமல்தான் மீதியைச் சொல்லவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியல்ல. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, துணி வரைக்கும்தான் என்று முடிவு செய்திருந்தேன். துணி ஒரு தாய் செய்கிற தப்பு. கேட்பவர்களுக்கு இரக்கம் வரும். பாராத எண்களை உட்கார்ந்து இறங்குவரிசையில் எழுதியதற்கு யாரும் இரங்க மாட்டார்கள். துணி ஒரே ஒரு நாள்தான் இருந்தது. இரண்டாவது முறை நான் பார்க்கவே இல்லை.

"இத வெளிய சொல்லலாமா?" என்று அவர் என்னிடம் அனுமதி கேட்டார். தலையாட்டினேன். என் அதிகாரி கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். ஆனாலும், பச்சைக் குழந்தைக்காரி, மழைக்காலம், போகட்டும் என்று விட்டுவிட்டார். ஊவனில் துணி உலர்த்தக் கூடாது என்று கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் அதைப் படித்துச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பேனலில் வேறு ஆள் பழகிவிட்டிருந்தார். இவருக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. அதனால் யார்டிலேயே இருந்தார். பழையபடி இரண்டு முறை மட்டும் ஏறுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான். இளையவள் மடியில் இருக்கிறாள். இதை எழுதுவதால் யாருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை. அவர் பத்திரிகை படிக்கிறவர் அல்லர். அது தெரிந்திருப்பதால்தான் தைரியமாக எழுதுகிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற அன்று அவர் எல்லாப் பிரிவுகளுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு, கடைசியாகச் சோதனைக்கூடத்துக்கு வந்தார். கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர் அவர்களிடம் என்னைக் காட்டினார்.

"இந்தம்மா மாரி இருக்கணும். தப்பு பண்ணா, யாரும் கேக்காமயே வந்து சொல்லணும். அதுவும் ஒன்னு உடாம சொல்லணும்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார்" என்றேன்.

"பாத்தீங்களா?" என்றார் அவர் பெருமையாக.

நான் தலை குனிந்து நின்றேன். எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் நிமிரவில்லை.